குழாய் வந்தால் தண்ணீர் வந்ததாகுமா?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். வருகிறவரிடம் ஊர், பேர் கேட்பதில்லை. தாகம் ஒன்றே போதும். ஆனால் வீட்டுக்குக் குழாய் கேட்டுப் போனால் முதல் கேள்வியே "நிலப் பத்திரம் எங்கே?" என்பதுதான். தோட்டம் கைமாறி, துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகும் அங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்?

தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குப் போதுமான குழாய்நீரை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது வேலையோடு வரும் உரிமை. வேலை போனால் கூடவே போய்விடும். 2010 ஜூலை 28-ல் ஐ.நா. பொதுச்சபை தண்ணீரை மனித உரிமை என்றே ஏற்றுக்கொண்டது. மனித உரிமைக்குச் சம்பளச் சீட்டு எதற்கு?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. பெடு, மூடா, பெரிஸ் என்று கெடாவில் அணைகள் இருக்கின்றன. புக்கிட் செலம்பாவ் பக்கம் பெரும்பாலான வீடுகளில் குழாயும் இருக்கிறது. ஆனால் மாநிலத்தில் சுத்திகரிக்கும் நீரில் ஏறக்குறைய பாதி, கசிவிலும் திருட்டிலும் கணக்கில் வராமல் போகிறது. இந்தியாவில் 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம், ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் தவறாமல் கிடைக்க வேண்டும் என்று வைத்தது. எண்ண வேண்டியது அதைத்தான், வெறும் குழாயை இல்லை.

பொறியியல் படிக்கிறவன் கண்ணுக்கு இன்னொன்றும் படுகிறது. குழாய் நீள நீள அழுத்தம் குறையும். மேட்டிலிருக்கும் கடைசி வீட்டுக்குச் சொட்டுதான் வரும். நடுவில் ஒருவர் பிரதான குழாயிலேயே பம்ப் வைத்து உறிஞ்சினால் அந்தச் சொட்டும் நின்றுவிடும். வெடிப்பு வழியாகச் சாக்கடைநீர் உள்ளே இழுபடவும் வாய்ப்புண்டு. இப்படிப் பம்ப் வைத்தவரே தைப்பூசத்தில் முதல் ஆளாக மோர் ஊற்றுவார். கேட்டால், "எனக்கும் புள்ளைங்க இருக்காங்க தம்பி, என்ன பண்றது?" என்பார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒழுங்காகத் தண்ணீர் வந்திருந்தால் அவர் பம்ப் வாங்கியிருக்கவே மாட்டார். ஆனால் பிள்ளைகள் கடைசி வீட்டிலும் இருக்கிறார்கள். பந்தலில் ஊற்றுவது நம் விருப்பம். பக்கத்து வீட்டுத் தண்ணீரை எடுக்காமல் இருப்பது கடமை. முன்னதைச் செய்தால் பின்னது கழிந்துவிடாது.

வழி இல்லாமலில்லை. தரையில் ஒரு தொட்டி வைத்து, வருகிற தண்ணீரை அதில் தானாக விழ விட்டு, அங்கிருந்து மேலே பம்ப் அடிக்கலாம். எங்கள் வரிசையில் இரண்டு வீடுகள் மாற்றிவிட்டன. மூன்றாவது வீட்டு அண்ணன், "தீபாவளி போனஸ் வரட்டும்டா" என்கிறார்.