நண்டாகிப் போன அப்பா

புரூனோ ஷூல்ஸின் கதைகளை அனுபவித்து வாசித்தேன் என்று சொன்னால் எம்மவரில் சிலர் முகஞ்சுளிப்பார்கள். அப்பா பறவை முட்டைகளை வரவழைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார். பிறகு கரப்பான்பூச்சியாகிறார். இன்னொரு கதையில் நண்டுபோல ஒன்றாகி வீட்டுத் தரையில் ஊர்கிறார். அம்மா அந்த நண்டை அவித்துத் தட்டில் கொண்டுவந்து வைக்கிறாள். ஒருவரும் தொடவில்லை. சில வாரங்களின் பின், தட்டில் ஒரு காலை மட்டும் விட்டுவிட்டு அது போய்விடுகிறது.

உலகம் எரியப்போகிற காலத்தில் இதென்ன விளையாட்டு? கேள்வி நியாயமானதே. எழுத்து சாட்சி சொல்லவேண்டும் என்பதுதான் எமது சிறுபத்திரிகைகள் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்தக் கோரிக்கையை இலேசாகத் தள்ளிவிட என்னால் முடியாது. சாட்சியில்லாமல் அழிந்த ஊர்களை நாம் அறிவோம்.

ஷூல்ஸ் 1892இல் ட்ரோகோபிச் நகரில் பிறந்த யூதர். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தார். போலிஷ் மொழியில் எழுதினார். அவர் பிறக்கும்போது அந்த ஊர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது; பிறகு போலந்தில்; இன்று உக்ரைனில். அவர் பெரிதாக அசையவில்லை, நாடுதான் மாறிக்கொண்டிருந்தது. 'கறுவாக் கடைகள்' என்ற முதல் தொகுதி 1934ஆம் ஆண்டுப் பதிப்பு. இரண்டாவது தொகுதி 1937இல் வந்தது.

அவருடைய தந்தை புடைவை வியாபாரி. நெடுநாள் நோயிற் கிடந்து 1915இல் இறந்தார். இதை அறிந்தபின் அந்த நண்டை இன்னொருமுறை பாருங்கள். நோயாளி ஒருவர் வீட்டுக்குள்ளேயே நாளுக்குநாள் சுருங்கிப்போவதும், வீட்டார் அதற்குப் பழகிப்போவதும், காலில் இடறினாற்தான் அவர் இருப்பது ஞாபகம் வருவதும் எந்த நேரடிக் கதையில் இவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது? எனக்குத் தெரிந்து இல்லை. சிரித்துக்கொண்டு வாசித்த பக்கம் நாலு நாள் கழித்துத் தொண்டையில் நிற்கிறது.

இரண்டாம் தொகுதியில் மகன் ரயிலேறி ஒரு சனட்டோரியத்துக்குப் போகிறான். அவனுடைய ஊரின் கணக்கில் அப்பா இறந்துவிட்டார். இங்கே காலத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். மரணம் இன்னும் அவரிடம் வந்து சேரவில்லை. தகப்பனின் சாவைத் தொலைபேசியில் கேட்டவர்களுக்கு, கொள்ளி வைக்கப் போகமுடியாதவர்களுக்கு, இந்த ஏற்பாட்டை விளக்கவேண்டியதில்லை. எங்கள் மனங்களில் அப்பாமார் இன்னமும் படலையடியில்தான் நிற்கிறார்கள். ஆனால் ஷூல்ஸ் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுகிறவர் அல்ல. மகன் அப்பாவை அங்கேயே விட்டுவிட்டு ஓடுகிறான். ஏறிய ரயிலிலிருந்து இறங்குவதேயில்லை. கடைசியில் அதிலேயே பாடிப் பிச்சையெடுக்கிறான். விநோதக் கதை என்றால் தப்பியோடுதல் என்பவர்கள் இந்த முடிவை வாசித்திருக்கமாட்டார்கள்.

என்னை உண்மையில் இடறவைப்பது வேறொன்று. நாஜி ஆக்கிரமிப்பில் பெலிக்ஸ் லாண்டாவ் என்ற கெஸ்டாப்போக்காரன், தன் பிள்ளையின் அறைச் சுவரில் தேவதைக் கதைச் சித்திரங்கள் வரையும்படி ஷூல்ஸைப் பணித்தான். அவர் வரைந்தார். அதற்குக் கூலி சாப்பாடும் கொஞ்சநாள் உயிரும். 1942 நவம்பர் 19இல் இன்னொரு கெஸ்டாப்போக்காரன் அவரைத் தெருவில் சுட்டுக் கொன்றான். சித்திரங்கள் 2001இல் பூச்சுக்கு அடியிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டன.

கொலைகாரனும் பிள்ளைக்குக் கதை வேண்டுமென்று விரும்பியிருக்கிறான். ஆகவே கற்பனை மனதைப் பண்படுத்தும் என்று வாதாடி இக்கதைகளைக் காப்பாற்ற நான் வரவில்லை. அந்த வாதம் அந்தச் சுவரோடு முடிந்துபோயிற்று. அவர் கொல்லப்பட்டவர், அதனால் இவற்றை ரசிக்கலாம் என்று மரணத்தை அனுமதிச் சீட்டாக நீட்டவும் எனக்கு விருப்பமில்லை. அந்தக் குண்டு முதற் தொகுதியின் எந்தப் பக்கத்திலும் இல்லை. அங்கே ஒரு பையன் நாடகக் கொட்டகையிலிருந்து வீட்டுக்கு ஓடுகிறான், அப்பா மறந்துவிட்டு வந்த பணப்பையை எடுத்துவர. வழி தவறுகிறான். குதிரை வண்டியொன்று அகப்படுகிறது. குதிரை அழுது, மரப் பொம்மையளவாகச் சிறுத்துப்போகிறது. பனியும் நட்சத்திரங்களுமாக இருக்கும் அந்த இரவில் பணப்பையின் கவலையே அவனுக்கு இல்லாமற் போகிறது. அப்பாவும் தன் பைத்தியங்களில் மூழ்கி இந்நேரம் அதை மறந்திருப்பார் என்று எண்ணிக்கொள்கிறான்.