மீண்டு வரும் பொருளும் மனிதப் பொறுப்பும்

விற்றல் என்னும் செயல் எப்பொழுது முடிவடைகின்றது? விலை கைமாறிப் பொருள் கொள்வோனது உடைமையான அக்கணத்திலேயே அது முடிந்துவிடுகின்றது என்பது அங்காடி வழக்கில் ஊறிய விடையாகும். ஆயின், வாங்கிய பொருள் பழுதுடையதெனக் கண்டு ஒருவன் அதனை மீளக் கொண்டுவரும்போது இவ்விடை தடுமாறுகின்றது. பயன்பட்டுத் தேய்ந்த பொருளை எங்கே இடுவது என்னும் வினா எழும்போதோ அது முற்றாகவே பொருளற்றுப் போகின்றது. உற்பத்திக் கூடத்திலிருந்து இல்லம் நோக்கிச் செல்லும் பொருளோட்டத்தை மட்டுமன்றி, இல்லத்திலிருந்து பின்னோக்கி வரும் ஓட்டத்தையும் இன்றைய முகாமைத்துவ அறிஞர் தனித்துறையாக ஆராய்கின்றனர். அவர்களது அக்கறை பெரும்பாலும் செலவைக் குறைப்பது பற்றியது. அச்செலவை யார் ஏற்பது நீதி என்பதோ அறவியலின் பாற்பட்ட வினாவாகும்.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுமிடத்து, அவர்கள் வாங்கும்போது அளவுக்கு மேற் பெறுவதுமில்லை, விற்கும்போது குறைத்துத் தருவதுமில்லை என்கின்றது. இவ்வறம் கொடுக்கல் வாங்கல் நிகழும் கணத்தைச் சார்ந்தது. அக்கணத்திற்குப் பின் நிகழ்வதை உரோமச் சட்டம் விரிவாகக் கருத்திற் கொண்டது. சந்தைகளை மேற்பார்த்த அதிகாரிகளின் கட்டளைப்படி, மறைந்த குறைபாடுடைய அடிமையையோ கால்நடையையோ விற்றவன், கொள்வோன் ஆறு மாதத்துள் வழக்கிடுவானாயின், அதனை மீள ஏற்று விலையைத் திருப்பித் தருதல் வேண்டும். மனிதனைப் பண்டமாக்கிய சமுதாயமொன்றிலே பண்டத்தை மீளளிக்கும் உரிமை இவ்வாறு செம்மையுற்றமை வரலாற்றின் கசப்பான முரண்பாடுகளுள் ஒன்று. விற்போனுக்கும் கொள்வோனுக்கும் இடையே நீதி வழங்கிய அச்சட்டம், திருப்பியனுப்பப்பட்ட மனிதனது துயரை எண்ணிப் பார்க்கவில்லை. இருவருக்கிடையேயான நீதி மூன்றாமவனை முழுமையாக மறந்துவிடக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கி.மு. 44இல் கடமைகள் பற்றி நூல் எழுதிய சிசரோ, வீட்டின் குறைகளை அறிந்தும் மறைத்து விற்பவனது செயலை ஆராய்ந்தார். கொள்வோன் அறிந்தால் நன்மையடையக்கூடிய ஒன்றைத் தன் ஆதாயத்திற்காக மறைத்தல் நேர்மையாளனுக்கு ஒவ்வாது என்பதே அவரது முடிபு. பிற்காலத்து ஆங்கில வணிகம், கொள்வோனே விழிப்பாயிருக்க வேண்டும் என்னும் கொள்கையிலே நெடுங்காலம் நிலைத்து நின்றது. 1893ஆம் ஆண்டின் பிரித்தானியப் பொருள் விற்பனைச் சட்டமும், அதனைப் பின்பற்றி 1896இல் இலங்கையில் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டமும், விற்கப்படும் பொருள் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் விற்பனைக்குரிய தரத்தினதாய் இருத்தல் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் உட்கிடையாக்கின. ஏழைக்கும் எழுத்தறியாதானுக்கும் இது பெருங்காப்பு. ஆகவே, மீளளிக்கும் உரிமை அதன் பிறப்பில் வஞ்சனைக்கு எதிரான உரிமை என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும், சந்தை வளர வளர இவ்வுரிமையின் தன்மை மாறலாயிற்று. ‘மனநிறைவு இல்லையேல் பணம் மீளத் தரப்படும்’ என்னும் உறுதிமொழி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் அமெரிக்க அஞ்சல்வழி வணிகத்தின் விளம்பரமாயிற்று. 1785இல் வெளிவந்த நூலிலே ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற் காட்டும் கடைக்காரன் ஈண்டு நினைவுக்கு வருகின்றான். அனுபவமற்ற சிறுவனிடமும் அவன் கூடுதல் விலை கேட்பதில்லை. ஆயின் அவ்வாறு நடப்பது கடமையுணர்வினாலன்று, வியாபாரம் செழிக்கும் என்பதனாலேயே. இன்று இணையவழி வணிகத்தில் மீளளித்தல் பல இடங்களில் ‘இலவசம்’ எனப்படுகின்றது. ஒரே ஆடையை மூன்று அளவுகளில் தருவித்து இரண்டைத் திருப்பியனுப்புவோரும், விழாவொன்றுக்கு அணிந்துவிட்டு அணியாதது போல மீளளிப்போரும் உளர். திரும்பிய ஆடையைச் சோதித்து, மடித்து, மீளப் பொதி செய்யும் செலவு சில வேளைகளில் அதன் பெறுமதியையும் விஞ்சிவிடுகின்றது. அப்போது அது மீண்டும் அங்காடியை அடையாது அழிவை அடைகின்றது. விற்பனையாகாத உணவல்லாப் பொருட்களை அழிப்பதற்கு எதிராக 2020இல் பிரான்சு சட்டமியற்றியது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆடை, காலணிகள் குறித்து ஆக்கிய விதியில் நுகர்வோர் மீளளித்தவையும் அடங்கும். நாகரிக நாடுகளுக்கு இத்தகைய தடை தேவைப்பட்டமையே நோயின் ஆழத்தைக் காட்டும்.

பழுதினாலும் விருப்பமின்மையாலும் மட்டுமன்றி, பயன் தீர்ந்தமையாலும் பொருள் மீள்வதுண்டு. மேலை நாடுகளிலே புதிய மெத்தையைக் கொண்டுவந்து இறக்குவோர் பழையதை எடுத்துச் செல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. வீட்டுக்காரனைப் பொறுத்தமட்டில் பொருளின் கதை வாசலோடு முடிந்தது. ஆனால், அத்தகைய பழம்பொருட்கள் சென்றடையும் இடங்களுள் ஒன்றை இலங்கை மக்கள் கண்ணாரக் கண்டனர். 2017ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்கள் இங்கு வந்து சேர்ந்தன. பாவித்த மெத்தைகள், தரைவிரிப்புகள் எனவும், மீள்சுழற்சிக்குரியவை எனவும் அவை குறிக்கப்பட்டிருந்தன. கொழும்புத் துறைமுகத்திலும் கட்டுநாயக்கவிலும் கிடந்த அவற்றிலே மருத்துவக் கழிவுகளும் கலந்திருந்ததாக அதிகாரிகள் அறிவித்தனர். 2019இல் இச்செய்தி வெளிப்பட்டது. சுற்றாடல் அமைப்பொன்று நீதிமன்றை நாடியது. 2020 செப்டெம்பரில் 21 கொள்கலன்கள் திருப்பியனுப்பப்பட்டன. இறுதி 45 கொள்கலன்கள் புறப்பட்டது 2022 பெப்ரவரியிலாகும்.

1989இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட பாசல் சமவாயத்தின்படி, அனுப்பியவரின் செயலால் கழிவு சட்டவிரோதமாகக் கடல் கடக்குமாயின், அனுப்பிய நாடு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுள்ளோ, உரிய நாடுகள் இணங்கும் பிறிதொரு காலத்துள்ளோ அதனை மீளப் பெறச் செய்தல் வேண்டும். ஒரு சட்டையை மீளளிக்க நுகர்வோனுக்குச் சில நாட்கள் போதும். ஒரு தேசம் தான் கேளாத அழுக்கை மீளளிக்க ஆண்டுகள் தேவைப்பட்டன. மீளளிக்கும் வல்லமையும் செல்வத்தைப் போலவே சமனற்றுப் பங்கிடப்பட்டுள்ளது என்பதை இது உணர்த்துகின்றது.

இக்கழிவு ஏழை நாடுகளுக்குத் தொழிலும் வருவாயும் தருகின்றதே என்று வாதிடுவோர் உளர். பழம்பொருளைப் பிரித்துப் பயன்கொள்ளும் தொழில் இழிவானதன்று. இவ்வாதம் முற்றாகப் புறக்கணிக்கத் தக்கதுமன்று. ஆயின், உடன்பாடு என்பது அறிந்து தரப்படுவது. பெயர்ச்சீட்டில் ஒன்றும் பெட்டிக்குள் வேறொன்றும் இருக்குமிடத்து உடன்பாடு என்ற சொல்லுக்கே இடமில்லை. இறக்குமதியாளன் ஒருவன் இணங்கினான் என்பதும் விடையாகாது. அவன் ஆதாயத்தில் பங்குடையவன். அயலிற் குடியிருப்போனும் கொள்கலனைத் திறக்கும் தொழிலாளியும் ஆதாயத்தில் பங்கின்றித் தீங்கில் மட்டும் பங்குடையவர்கள். உரோமச் சட்டம் மறந்த அந்த மூன்றாமவனே இங்கு மீண்டும் தோன்றுகின்றான்.

இவற்றிலிருந்து ஒரு நெறியை வகுத்தல் இயலும். ஒரு பொருளால் பயனடைந்தோர் யாவரும் அது திரும்பும் வழியின் சுமையைப் பகிர்தல் வேண்டும். பயனடையாதவன் மீது அச்சுமை வீழ்வது அநீதி. இந்நெறி வெறும் கனவன்று. 1998இல் இயற்றப்பட்டு 2001இல் நடைமுறைக்கு வந்த யப்பானியச் சட்டம், தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், வளிபதனக் கருவி ஆகியவற்றைக் கழிக்கும் நுகர்வோன் கட்டணம் செலுத்தவும், விற்றவன் அவற்றை மீளப் பெறவும், ஆக்கியவன் மீள்சுழற்சி செய்யவும் விதித்தது. மூவரும் பயன்பெற்றனர், மூவரும் சுமக்கின்றனர்.

சட்டம் இத்துணை செய்யும். எஞ்சியதை மனச்சாட்சியே செய்தல் வேண்டும். பழுதை மறைத்து விற்றவன் எவ்வளவு குற்றவாளியோ, அணிந்ததை மறைத்து மீளளிப்பவனும் அவ்வளவு குற்றவாளியே. இலங்கையின் ஊர்க்கடைகளிலே வெறும் சோடாப் போத்தலைத் திருப்பிக் கொடுத்து முற்பணத்தைப் பெறும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. போத்தலை உடைக்காது கொண்டுவருதல் வாங்கியவன் கடன். மறுக்காது ஏற்றல் கடைக்காரன் கடன். கழுவி மீள நிரப்புதல் கொம்பனியின் கடன். அச்சங்கிலியில் எவரும் தம் சுமையை முகமறியாத ஒருவனது முற்றத்தில் இறக்கிவிட்டுச் செல்லவில்லை. கண்டங்களைக் கடந்து விரிந்துவிட்ட இன்றைய வணிகமும் அச்சிறு கடையின் அறத்தை எய்தும்வரை, விலை கொடுத்துத் தீர்த்ததாக எவரும் கூறிக்கொள்ள உரிமையில்லை.