காவல் நிற்பவனுக்கு நாம் பட்ட கடன்

செப்டம்பர் 16-ந் தேதி மலேசிய தினம் என்பதும், 2010-ம் வருஷம் முதல் அன்று பொது விடுமுறை என்பதும் நம் வியாபாரிகள் எல்லோரும் அறிந்ததே. அதே தேதிதான் மலேசிய ஆயுதப்படை தினமும் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? உலு திராமிலே கடை வைத்திருக்கும் நாம் அதை மறப்பதற்கில்லை. தரைப்படையின் போர்ப் பயிற்சி நிலையமாகிய புலாடா நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஜூலை 31-ந் தேதி வரும் வீரர் தினம் வேறு. 1960-ல் அவசரகாலம் முடிவுற்ற தேதி அது. உயிர் நீத்தவர்களை அன்று நினைக்கிறோம். செப்டம்பர் 16 உயிரோடு பணியில் இருப்பவர்களுக்குரியது. இறந்தவரைக் கனம்பண்ணுவது சுலபம். அவர் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. உயிரோடிருப்பவனோ கடையில் பற்று வைக்கிறான், வாசலை அடைத்து வண்டியை நிறுத்துகிறான், பில்லைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசியும் விடுகிறான். இவனைக் கனம்பண்ணுவது எப்படி?

வியாபாரிக்கு இது கஷ்டமான கேள்விதான். சரக்கைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, பிறகு பணம் கொடுத்துப் பழகியவர்கள் நாம். காவல் நிற்பவன் கொடுக்கும் சரக்கு கண்ணுக்குத் தெரியாது. நேற்றிரவு ஒன்றும் நடக்கவில்லை என்பதே அவனுடைய சரக்கு. அதை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? ஒன்றுமே நடக்காத வருஷங்கள் கூடக் கூட, இவ்வளவு பேருக்குச் சம்பளம் எதற்கு என்ற பேச்சும் கூடவே எழும். திருடன் வராத கடையின் முதலாளி பூட்டுக்குக் கொடுத்த காசை நஷ்டக் கணக்கில் எழுதுவதைப் போன்றது அது.

2024-ம் வருஷம் மே 17-ந் தேதி, பொழுது விடியுமுன், உலு திராம் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டது. இளம் காவலர் இருவர் உயிரிழந்தனர், இன்னொருவர் காயமுற்றார். அவர்கள் போலீஸார், இராணுவத்தார் அல்லர். அவர்களுக்குரிய தினம் மார்ச் 25-ல் தனியே வருகிறது. ஆயினும் கேள்வி ஒன்றேதான். அவ்விருவரின் பெயர்களும் அன்று நாடெங்கும் பேசப்பட்டன. முந்திய நாள் அவர்களுடைய உழைப்பின் மதிப்பு குறைவாயிருந்து மறுநாள் திடீரென்று ஏறிவிட்டதா? இல்லை. இருந்த மதிப்பை மரணம் வெளியே காட்டிற்று, அவ்வளவே. 16-ந் தேதி செலுத்த வேண்டிய மரியாதையை ஊர் 17-ந் தேதி செலுத்தியது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்லப்படுகிறது. இரவில் நகரைச் சுற்றி வரும்போது, போர்முனைக்குப் போன கணவனை எண்ணி ஒரு பெண் புலம்புவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் எத்தனை காலம் இப்படிப் பொறுத்திருப்பாள் என்று விசாரித்தார்கள். நான்கு மாதம் என்று ஒரு ரிவாயத்து, ஆறு மாதம் என்று மற்றொன்று. அதற்கு மேல் எந்தச் சிப்பாயையும் வீட்டைப் பிரித்து வைக்கலாகாது என்று கட்டளை பிறந்ததாம். சிப்பாயின் வீட்டிலிருக்கும் குறை என்ன என்றுதான் முதலில் விசாரித்தார்கள். மரியாதைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி நமக்குத் தெரியவில்லை.

சிப்பாய் கட்டளைக்கு அடங்கியவனாயிற்றே, கட்டளையே தவறானால் அவனுக்கு என்ன மரியாதை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1915 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூரில் ஐந்தாம் லைட் இன்பண்ட்ரி என்ற இந்திய முஸ்லிம் பட்டாளம் கலகம் செய்தது. துருக்கியரோடு சண்டையிட அனுப்பப்படுவோம் என்ற வதந்தி அதற்கு ஒரு காரணம். கலகத்தை அடக்கப் போனவர்களில் ஜொகூர் சுல்தான் இப்ராஹிமின் படையும் இருந்தது. ஆக, இரு பக்கத்திலும் முஸ்லிம் சிப்பாய்கள்! பிறகு அவுட்ரம் சாலையில் ஜனங்கள் பார்த்திருக்கக் கலகக்காரர்கள் சுடப்பட்டனர். சக முஸ்லிம்களோடு போரிட மனசாட்சி இடங்கொடாமல் தவித்தவனை நாம் இகழமாட்டோம். ஆனால் அன்று ஆயுதமில்லாத பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்த கைக்கு எந்தக் காரணமும் மரியாதை வாங்கித் தராது. காவலுக்காகக் கொடுக்கப்பட்ட துப்பாக்கி ஓர் அமானிதம். அதை அமானிதமாக வைத்திருப்பவனுக்கே நாம் தலை வணங்குவது. அரசாங்கம் போடும் ஒவ்வொரு கட்டளைக்கும் அந்த வணக்கம் சம்மதமாகாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகள் கடைக்குப் போகிறார்கள், கல்லூரிக்குப் போகிறார்கள். பட்டாளத்துக்குப் போகிறவர்கள் மிகச் சொற்பம். 2013-ல் சபாவின் லஹாட் டத்து ஊடுருவலில் பாதுகாப்புப் படையினர் பத்துப் பேர் மாண்டபோது, அந்தத் துக்கம் வந்த வீடுகள் வேறு. பிறர் வீட்டுப் பிள்ளை காவல் நிற்க, நாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். இதில் குற்றமில்லை, ஆனால் கடன் உண்டு.

செப்டம்பர் 16-ல் கொடி கட்டி, சீருடைக்காரருக்குப் பத்து சதவிகிதம் தள்ளுபடி என்று பலகை வைப்பது நல்லதுதான். ஆனால் சம்பள வாரத்தில் விலையை ஏற்றி அந்தப் பத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைக்கு அந்தப் பலகை எதற்கு? முகாமுக்கு அரிசியும் இறைச்சியும் குத்தகைக்கு எடுப்பவர் எடையிலும் தரத்திலும் கை வைத்தால், பேச்சு மேடையில் அவர் எத்தனை மாலை போட்டும் என்ன? கணவன் எல்லைப் பணிக்குப் போயிருக்கையில் ஒரு பெண் மளிகைப் பற்றை அடுத்த மாதம் தருவதாகச் சொன்னால், வரிசையில் நிற்பவர் காதில் விழும்படி பாக்கியைச் சொல்லாமல் பேரேட்டில் எழுதிக்கொள்ளலாம்.