வாசலில் நின்ற அந்நியன்



இவ்வருடம் கிறிஸ்து இராஜா திருநாளில் நாம் கேட்கும் மத்தேயு சுவிசேஷப் பகுதி பொதுத்தீர்வையைப் பற்றியது. இடப்பக்கம் நிறுத்தப்படுகிறவர்கள் கொலை செய்தார்கள், களவு செய்தார்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை. அந்நியனைக் கண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை, குற்றம் அவ்வளவுதான். இதைத் தியானிக்கும்போது சாங்காத் என்ற பிரெஞ்சுக் கடற்கரையூர் என் நினைவுக்கு வருகிறது.

கலே துறைமுகத்துக்கு மேற்கே, மணற்கரையை ஒட்டிய சிற்றூர் அது. குடிசனம் ஐயாயிரத்துக்கும் குறைவு. ஆனாலும் அதன் வாசல் வழியாகவே இரு தேசங்களின் போக்குவரத்து நடக்கிறது. வானம் தெளிந்த நாளில் அக்கரையில் இங்கிலாந்தின் வெண்பாறைகள் தெரியும். 1851-ல் கடலடித் தந்திக்கம்பி இவ்வூரில்தான் கரையேறிற்று. 1909 ஜூலை 25-ந் தேதி லூயி பிளேரியோ இதன் பக்கத்திலிருந்தே ஆகாய விமானத்தில் கிளம்பி, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். கடலுக்கடியில் சுரங்கம் தோண்டும் வேலையை 1880-களிலேயே இங்கே தொடங்கினார்கள். அதன் வழியாய்ப் பகைவர் படை வந்துவிடுமோ என்று இங்கிலாந்து அஞ்சியது, வேலை நின்றுபோயிற்று. கடைசியில் 1994-ல் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் சுரங்கம் திறக்கப்பட்டது.

சரக்குக்கு வழி பிறந்தது. மனிதன் வந்தபோதுதான் தொல்லை.

சுரங்க வேலைக்காகக் கட்டியிருந்த பெருங்கொட்டகை ஒன்றில், 1999-ல் செஞ்சிலுவைச் சங்கத்தார் அகதிகளுக்கு இடங்கொடுத்தார்கள். ஆப்கானிஸ்தானத்தாரும் ஈராக்கின் குர்தியருமே அதிகம். மூன்று வருஷத்தில் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே தங்கிச் சென்றார்கள். எத்தனையோ பேர் இரவில் லாரிகளிலும் சரக்கு ரயில்களிலும் ஒளிந்து அக்கரை சேரப் பார்த்தார்கள். சிலர் தண்டவாளத்திலேயே மாண்டார்கள். அவ்வூர்க் குடும்பங்களை நான் குறை கூறமாட்டேன். பெரிய தேசங்கள் இரண்டு தீர்க்கமுடியாத காரியத்தின் பாரம், அவர்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. கொட்டகை 2002-ல் மூடப்பட்டது. ஆனால், கதவை அடைத்ததனால் பசி அடங்கிவிடுமா? ஜனங்கள் வந்துகொண்டேயிருந்தார்கள்; பின்பு சிறு ரப்பர் படகுகளில் கடலிலும் இறங்கினார்கள்.

2021 நவம்பர் 24-ந் தேதி அந்தக் கடலில் ஒரு படகு கவிழ்ந்தது. குறைந்தது 27 பேர் இறந்தார்கள். மூழ்குமுன் அவர்கள் தொலைபேசியில் கூவி அழைத்திருக்கிறார்கள். நீங்கள் இருப்பது ஆங்கிலக் கடல் என்று பிரெஞ்சுக் கரையிலிருந்து அவர்களுக்குப் பதில் சொல்லப்பட்டதாகப் பிற்பாடு செய்தி வெளியாயிற்று.

அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, பிரியமானவர்களே. ஏனென்று சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு மத்தியானம், நான் சாப்பிட உட்காரும் நேரம், ஒரு மனிதர் கைக்குழந்தையோடு சாமியார் பங்களா வாசலில் வந்து நின்றார். "நீர் எந்தப் பங்கு?" என்று கேட்டேன். பக்கத்துப் பங்கின் பெயரைச் சொன்னார். "அப்படியானால் அங்குள்ள சாமியாரைப் போய்ப் பாரும்" என்று அனுப்பிவிட்டேன். அந்தச் சாமியார் ஊரில் இல்லையென்பது எனக்குத் தெரியும். அது நினைவுக்கு வந்தது அந்த மனிதர் போன பிறகுதான் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிவந்தேன். நிஜத்தில் அவர் படியிறங்குமுன்பே நினைவு வந்துவிட்டது. கூப்பிடவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

கடற்காவல் பார்க்கிறவர்கள் அன்று செய்ததை விசாரிக்க நீதிமன்றங்கள் உண்டு. நான் செய்ததை விசாரிக்கப்போகிறவர் யாரென்று நீங்களும் அறிவீர்கள்.

நவம்பர், உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது உங்கள் வீட்டாருக்காக மெழுகுதிரி ஏற்றுவீர்கள். கலேயில், பெயரே தெரியாமல் அடக்கப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். அன்று என் வாசலிலிருந்து திரும்பிப்போன அந்தத் தகப்பனையும் குழந்தையையும் யாராவது அறிந்திருந்தால், தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள்.

உங்கள் பங்குக் குரு