காண்பவரின் களம்

பல்கலைக்கழக உள்ளரங்கு ஒன்றில் ஜூடோ போட்டி நடைபெறுகிறது. விரிப்பின் மீது இரண்டு மாணவர்கள். ஒருவர் வெண்ணிற உடையும் மற்றவர் நீல உடையும் அணிந்துள்ளனர். இருவரும் தலைதாழ்த்தி ஒருவரையொருவர் வணங்குகின்றனர். நடுவர் ஆணையிட்டதும் மோதல் தொடங்குகிறது. போட்டிக்கு உரிய நேரம் நான்கே நிமிடங்கள். அந்த நான்கு நிமிடங்களுக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் பயின்றிருக்கின்றனர். சுற்றிலும் மாணவர் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறது. அக்கூட்டத்தில் பெரும்பாலோர் ஒருநாளும் அவ்விரிப்பில் கால் வைத்தவர்கள் அல்லர்.

இக்காட்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. 2020-ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் முதன்முறையாக நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளிலும் ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை, வாட்போர் ஆகியவை இடம்பெற்றன. களத்தில் நிற்பவர்களைப் பற்றிப் பலரும் எழுதுகின்றனர். காண்பவர்களைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. இருவர் மோதுவதைக் காண்பதில் மனிதனுக்கு ஏன் இத்தனை ஈடுபாடு? அம்மகிழ்ச்சி அவனை உயர்த்துகிறதா, தாழ்த்துகிறதா? சாதகன் எனத் தன்னைக் கருதுபவன் அவ்விடத்தில் எவ்வாறு அமர வேண்டும்?

கண்ணை மூடிக்கொண்ட மாணவர்

இக்கேள்வி மிகப் பழையது. புனித அகஸ்டின் தமது ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலில் நண்பர் அலிப்பியஸைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறார். சட்டம் பயில ரோமாபுரி சென்ற அலிப்பியஸ், மனிதர் உயிருக்குப் போராடும் அரங்கக் காட்சிகளை வெறுத்தவர். ஒருநாள் உடன் பயிலும் மாணவர்கள் அவரை வலிந்து இழுத்துச் சென்றனர். உடலை இழுக்கலாம், உள்ளத்தை இழுக்க முடியாது என்ற உறுதியுடன் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்தார். வீரன் ஒருவன் வீழ்ந்தபோது கூட்டம் பேரொலி எழுப்பியது. செவியை மூட அவர் நினைக்கவில்லை. ஒலி உள்ளே புகுந்தது, கண்கள் திறந்தன. அக்கணமே அவர் அந்தக் கூட்டத்துள் ஒருவராகிவிட்டார். பின்னர்த் தாமே விரும்பிச் சென்றதுடன், பிறரையும் அழைத்துச் சென்றார். அந்தப் பிடியிலிருந்து அவர் விடுபடக் காலம் பிடித்தது.

அலிப்பியஸ் பலவீனர் அல்லர். பிற்காலத்தில் ஆயராக உயர்ந்தவர். ‘நான் வெறுமனே பார்க்கத்தான் போகிறேன்’ என்ற எண்ணத்திற்கு வேலி கிடையாது என்பதையே அவரது அனுபவம் காட்டுகிறது. புலனுக்கு உரிய பொருளை மனம் திரும்பத் திரும்ப எண்ணும்போது பற்று பிறக்கிறது. பற்றிலிருந்து ஆசையும், ஆசையிலிருந்து சினமும், சினத்திலிருந்து மயக்கமும் தோன்றுகின்றன என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையின் முதற்படி செயல் அன்று, நினைவே.

அச்சமின்மையின் காட்சி

அப்படியாயின் இத்தகைய போட்டிகளையே விலக்க வேண்டுமா? அவ்வாறு முடிவு செய்தல் அவசரமாகும். ரோமாபுரி அரங்கில் மனிதன் மடிந்தான். ஜூடோவோ அதற்கு நேர்மாறான எண்ணத்திலிருந்து பிறந்தது. பழைய ஜுஜுத்ஸு கலையிலிருந்து ஜிகோரோ கானோ இதனை வகுத்து, 1882-இல் டோக்கியோவில் கோடோகன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அவர் பல்கலைக்கழகப் பட்டதாரி. பிற்காலத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் உயர்கல்வி நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர். ஆற்றலைச் சிறந்த முறையில் பயன்படுத்துதல், தானும் பிறரும் ஒருங்கே வளம் பெறுதல் என்னும் இரண்டையும் அவர் இக்கலையின் அடிப்படைக் கொள்கைகளாக வைத்தார். எதிராளி இல்லாமல் எவனும் வளர முடியாது என்பது இரண்டாம் கொள்கையின் உட்பொருள்.

இக்கலையை இந்தியக் கல்விக்கூடத்திற்குள் கொண்டுவந்தவர் ஒரு கவிஞர் என்பது எண்ணி மகிழத்தக்கது. 1905-லேயே ஜப்பானிய ஆசிரியர் ஒருவரைச் சாந்திநிகேதனத்திற்கு வரவழைத்த ரவீந்திரநாத் தாகூர், 1929-இல் ஷின்சோ தாககாகி என்னும் ஜூடோ ஆசிரியரை விசுவபாரதிக்கு அழைத்தார். மாணவர்களோடு மாணவிகளும் பயின்றனர். 1931-இல் கொல்கத்தாவின் நியூ எம்பயர் அரங்கில் அவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் தங்கள் பயிற்சியைச் செய்து காட்டினர். தயக்கத்தையும் அச்சத்தையும் உதறுமாறு அழைக்கும் பாடலொன்றைத் தாகூர் அந்நிகழ்ச்சிக்கென இயற்றினார்.

பெண் தலைநிமிர்ந்து நடப்பதே அரிதாயிருந்த காலம் அது. அன்று அரங்கில் அமர்ந்திருந்த ஒரு தாய் மேடையில் எதைக் கண்டிருப்பாள்? தன் மகளும் அஞ்சாமல் நிற்க முடியும் என்பதையே கண்டிருப்பாள். தெய்விக குணங்களைப் பட்டியலிடும் கீதையின் பதினாறாம் அத்தியாயம் ‘அபயம்’ என்னும் அச்சமின்மையையே முதலில் வைக்கிறது. உபநிடதங்களின் சாரம் வலிமையும் அச்சமின்மையுமே என்று ஓயாமல் முழங்கிய சுவாமி விவேகானந்தரும் இளமையில் உடற்பயிற்சிக்கூடம் சென்று மல்யுத்தம், வாள்வீச்சு, கம்பு விளையாட்டு ஆகியவற்றைப் பயின்றவரே. ஆகவே காண்பவனை ஈர்ப்பது வன்முறை மட்டுமே என்று கூறுவது பொருந்தாது. தன்னுள் உறங்கும் வலிமையை மற்றொருவனிடம் விழித்த நிலையில் காண்பதும் ஓர் ஈர்ப்பே. அது தூய்மையானது.

இரண்டு தட்டல்கள்

எனினும் அந்தத் தூய ஈர்ப்போடு வேறொன்றும் கலந்தே வருகிறது. உழைப்பின்றி வெற்றியைச் சுவைக்கும் விருப்பம் அது. வீழ்ந்தவனின் வலி காண்பவனுக்கு இல்லை; வென்றவனின் பெருமையில் மட்டும் அவன் பங்கு கேட்கிறான்.

இதன் விளைவு எத்தகையது என்பதை ஜூடோவின் ஒரு விதியே உணர்த்தும். ஒருவர் மற்றவரின் முழங்கை மூட்டைப் பூட்டிவிட்டால், பிடிபட்டவர் கையால் இருமுறை தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். தட்டியவுடன் பிடித்தவர் விட்டுவிட வேண்டும். அவர் விடுவார் என்ற நம்பிக்கையில்தான் இக்கலை முழுவதும் நிற்கிறது. பிடிபட்டவர் உரிய கணத்தில் தட்டாவிடின் மூட்டு சிதையக்கூடும்.

இருபது வயது இளைஞர் ஒருவர் அவ்வாறு பிடிபட்டிருக்கும் வேளையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவருடைய கல்லூரித் தோழர்கள் திரண்டு ‘விடாதே! தாங்கு!’ என்று முழங்குகின்றனர். தட்டுவது அறிவு. ஆனால் அந்த முழக்கத்தின் நடுவே தட்டுவது கோழைத்தனமாக அவருக்குத் தோன்றுகிறது. ஒரு நொடி தாமதிக்கிறார். அந்த ஒரு நொடியின் பயனை அவர் பல மாதங்கள் சுமக்க நேரலாம். முழங்கியவர்களோ அன்று மாலையே அதனை மறந்துவிடுவர். அவர்களில் எவனும் அந்த இளைஞரைத் தொடவில்லை. எனினும் அந்தக் காயத்தில் தனக்குப் பங்கில்லை என்று அவர்களில் எவன் கூற முடியும்? கரத்தால் செய்வது மட்டுமே கர்மம் அன்று. கண்ணாலும் குரலாலும் செய்வதும் கர்மமே.

அஸ்தினாபுரத்து அரங்கம்

வியாசர் இதனை முன்பே காட்டியிருக்கிறார். மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில், கல்வி முடித்த இளவரசர்களின் திறமையைத் துரோணர் மக்கள் முன்னிலையில் அரங்கேற்றுகிறார். பீமனும் துரியோதனனும் கதையுடன் களத்தில் இறங்குகின்றனர். அது பயிற்சிக் காட்சியே. ஆயினும் காண வந்த மக்கள் இரு பிரிவாகி ஆரவாரம் செய்கின்றனர். அந்த ஆரவாரத்தில் விளையாட்டு பகையாக மாறுவதைத் துரோணர் கண்டுகொண்டு, இருவரையும் தடுக்குமாறு அசுவத்தாமனை அனுப்புகிறார். கதைகள் தாழ்ந்தன. பின்னர்க் கர்ணன் நுழைகிறான், அருச்சுனனை அறைகூவுகிறான். அரங்கம் மீண்டும் இரண்டாகப் பிளக்கிறது.

குருக்ஷேத்திரத்தின் விதை அரசவையில் மட்டும் விழவில்லை. பார்வையாளர் வரிசையிலும் விழுந்தது.

சாட்சியும் சுவைப்பவனும்

‘நான் போரிடவில்லை, சாட்சியாக இருந்தேன்’ என்று காண்பவன் கூறலாம். ‘சாட்சி’ என்னும் சொல்லை வேதாந்தம் அத்தனை எளிதாக வழங்குவதில்லை. ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் அமர்ந்திருப்பதாக முண்டக உபநிடதம் உருவகம் செய்கிறது. ஒன்று கனியை உண்கிறது. மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அரங்கில் அமர்ந்தவன் தன்னை இரண்டாம் பறவை என்று எண்ணிக்கொள்கிறான். தன் அணி வென்றால் துள்ளுகிறான், தோற்றால் துவளுகிறான், நடுவரை ஏசுகிறான். இனிப்பும் கசப்புமாகக் கனிகளை மாறி மாறி உண்ணும் முதற் பறவைக்கு உரிய இலக்கணமன்றோ இது? அவன் காண்பவன் அல்லன், உண்பவன்.

உணர்ச்சியே இன்றிக் கல்போல் அமர்வதுதான் சாட்சி நிலையா? அதுவும் அன்று. அதே அஸ்தினாபுரத்து அரங்கில் ஒருத்தி மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவள் குந்தி. எதிரெதிரே நின்ற அருச்சுனன், கர்ணன் இருவரும் தன் மக்களே என அறிந்த அவள் மயங்கி விழுந்தாள். உண்மையை வெளியிடும் துணிவு அவளுக்கு வாய்க்கவில்லை. அது அவளது துயரம். ஆயினும் அத்தனை பெரிய கூட்டத்தில் களத்தில் நின்றவர்களைச் சரியாகக் கண்டவை அவளுடைய கண்கள். மற்றவர்கள் இரு வீரர்களைக் கண்டனர். அவள் இரு பிள்ளைகளைக் கண்டாள்.

இருவரும் பிள்ளைகளே

எந்தப் பல்கலைக்கழக அரங்கிலும் விரிப்பில் நிற்கும் இருவருக்கும் வீட்டில் ஒரு தாய் இருக்கிறாள். யாரும் அந்நியர் அல்லர் என்பதே அன்னை ஸ்ரீசாரதாதேவியார் தம் இறுதி நாட்களில் அருளிய உபதேசத்தின் சாரம். அப்பார்வையைப் பழக, ஆலயத்தைப் போலவே விளையாட்டரங்கமும் ஏற்ற இடமாகும்.

இதற்கான பயிற்சி கடினமன்று. ஜப்பானிய வாட்கலையான கெண்டோவில், புள்ளி பெற்றவர் வெற்றிக் களிப்பைச் செருக்குடன் காட்டினால் அப்புள்ளியையே நீக்கிவிட விதி உண்டு. காண்போரும் கூச்சலிடாமல் கைதட்டலோடு நிறுத்திக்கொள்வதே அங்கு மரபு. அம்மரபை எங்கும் அப்படியே கொண்டுவர இயலாமற் போகலாம். ஆனால் காண்பவர் ஒவ்வொருவரும் தமக்கென மூன்று நியமங்களை மேற்கொள்ள இயலும். எதிரணியினரின் நல்ல வீச்சையும் மனமாரப் பாராட்டுதல் முதலாவது. பிடிபட்டவரை நோக்கி ‘தாங்கு’ என்று ஒருபோதும் முழங்காதிருத்தல் இரண்டாவது. முடிவு தெரிந்ததும் எழுந்துவிடாமல், இருவரும் மீண்டும் வணங்கிக்கொள்ளும் வரை அமர்ந்திருத்தல் மூன்றாவது.

வென்றவர் தலை தாழ்கிறது. தோற்றவர் தலையும் தாழ்கிறது. ஒரு கணம் இருவர் தலையும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. பெரும்பாலோர் எழுந்து வாயிலை நோக்கி நகர்ந்துவிடும் கணம் அது. அதனைக் காணக் காத்திருப்பவரே போட்டியை முழுமையாகக் கண்டவர்.