கையெழுத்தின் எல்லை

இந்தியாவில் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தில் ஏ, பி என்று இரண்டு முக்கியப் படிகள் உள்ளன. ஜெட் விமானங்களுக்கான ஏ பிரிவின் அடிப்படைப் பயிற்சி 800 மணி நேரம். பி-யின் உட்பிரிவான பி1-க்கு, அதே வகை விமானங்களுக்கு, 2,400 மணி நேரம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ, சிஏஆர் 147 விதியின்கீழ் அனுமதித்த நிறுவனங்கள் இந்தப் பயிற்சியை நடத்துகின்றன. வகுப்பு முடிந்தபின், சேவையில் உள்ள விமானங்களில் வேலை பார்த்த அனுபவம் ஏ பிரிவுக்கு ஓராண்டும், ஜெட் விமானங்களுக்கான பி1 பிரிவுக்கு இரண்டாண்டும் வேண்டும். பல்கலைக்கழகம் தரும் நான்காண்டு பி.இ. ஏரோநாட்டிக்கல் பட்டம் இதிலிருந்து பிரிந்த வேறொரு பாதை. எதில் சேர்வது என்ற பேச்சு, வீடுகளில் ‘எத்தனை வருஷம், எவ்வளவு செலவு’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அடியில் பழைய தத்துவக் கேள்வி ஒன்று கிடக்கிறது: நீண்ட படிப்பு தருவது கூடுதல் அறிவா, வேறு வகை அறிவா?

இந்தக் கேள்வி தேனி மாவட்டத்து வீடுகளிலும் எழுகிறது. அங்கே பயணிகள் விமான நிலையம் இல்லை. மதுரைக்குத்தான் போக வேண்டும். அம்மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் பலர் ஒரு விமானத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் விமானப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் காலத்தை எடைபோட்டு முடிவெடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. முல்லைப்பெரியாற்று நீரில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் வயலில், எத்தனை நாள் நெல்லை நடுவது என்பதைப் பருவத்தையும் அணையின் நீர்மட்டத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நாள் குறைந்த ரகத்தை அரைகுறை நெல் என்று யாரும் சொல்வதில்லை. படிப்பில் மட்டும் ஆண்டு குறைந்தால் அறிவும் குறைந்ததாக எண்ணிவிடுகிறார்கள்.

உரிம விதியைக் கூர்ந்து படித்தால் இந்த எண்ணம் தடுமாறும். ஏ பிரிவு உரிமம் உள்ளவர், சக்கரம் மாற்றுவது, விளக்கு மாற்றுவது போன்ற வரையறுத்த வேலைகளை முடித்து, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திட முடியும். ஆனால் அந்த வேலையை அவரே தம் கையால் செய்திருக்க வேண்டும். பி1 உரிமம் உள்ளவரோ பிறர் செய்த வேலைக்கும் கையெழுத்திடலாம். இடையிலுள்ள 1,600 மணி நேரத்தின் பொருள் இங்கேதான் இருக்கிறது. தான் முறுக்காத போல்ட்டுக்கும், தான் தொடாத குழாய்க்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டுமானால், அந்த வேலை எப்படியெல்லாம் தவறக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்காண்டு பட்டதாரிக்குப் பட்டத்தினால் மட்டும் இந்தக் கையெழுத்து உரிமை கிடைப்பதில்லை. அவருடைய கணக்கு, இன்னும் உருவாகாத விமானத்தின் இறக்கையைப் பற்றியது.

இதனால் தன் கைவேலைக்குக் கையெழுத்திடுவது எளிது என்று ஆகிவிடாது. 1990 ஜூன் 10 அன்று, பர்மிங்காமிலிருந்து மாலகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில், விமானி அறையின் இடது முன்கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு பறந்தது. விமானியின் உடல் இடுப்புவரை வெளியே இழுபட்டது. ஊழியர்கள் அவர் காலைப் பிடித்தபடியே இருக்க, துணை விமானி சவுத்தாம்டனில் தரையிறக்கினார். எல்லோரும் உயிர் தப்பினார்கள். புறப்பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்புதான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் ஒரு மில்லிமீட்டரில் முக்கால் பங்குக்கும் குறைவான அளவு சிறியவை. மாற்றியவர் புதியவர் அல்லர். பல ஆண்டு அனுபவமுள்ள ஷிப்ட் மேலாளர். கழற்றிய பழைய போல்ட்டைக் கண்ணால் பார்த்து அதற்கு ஒப்பானதைத் தேடினார். உதிரிபாகப் பட்டியலைப் பார்க்கவில்லை. வேலையைச் செய்தவரும் அவர், கையெழுத்திட்டவரும் அவர். இரண்டாவது கண் எதுவும் அதன்மேல் படவில்லை. அவரிடம் படிப்போ அனுபவமோ குறைவாக இருக்கவில்லை. கை பழகிய இடத்தில் அந்தப் பட்டியலைப் புரட்ட வேண்டும் என்ற ஐயம் மட்டும் அவருக்கு அன்று எழவில்லை.

ஏன் என்று அறிவதையும், எப்படிச் செய்வது என்று அறிவதையும் அரிஸ்டாட்டில் வேறு வேறாகப் பிரித்தார். தமிழ்ச் சைவ மரபு இதே கேள்வியை வழிபாட்டில் வைத்து ஆராய்ந்தது. அந்த ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறிகள். சரியை உடம்பால் செய்யும் தொண்டு: கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூத்தொடுப்பது. சைவ சித்தாந்தம் இவற்றைப் படிகளாகவே வரிசைப்படுத்துகிறது. முதல் மூன்றுக்கும் சாலோகம், சாமீபம், சாரூபம் என்னும் பேறுகள்; ஞானத்துக்கே சாயுச்சியம். அப்படிப் பார்த்தால் சரியை கீழ்ப்படிதான். ஆனால் அந்த நெறிக்கு மரபு காட்டும் எடுத்துக்காட்டு திருநாவுக்கரசர். சிவன் கோயில்களில் நால்வர் வரிசையில், கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரப்படையைத் தோளில் சாய்த்து நிற்பவர் அவர். ஞானநெறிக்கு உரியவராகச் சொல்லப்படும் மாணிக்கவாசகரும் அதே வரிசையில், அதே உயரத்தில் நிற்கிறார். நெறிகளில் படி உண்டு, அவற்றில் முழுமையாக நின்றவர்களுக்குள் மேல் கீழ் இல்லை என்பதையே அந்த வரிசை சொல்கிறது. குறுகிய படிப்பா, நீண்ட படிப்பா என்று குழம்பும் குடும்பம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

பள்ளத்தாக்கை வாழவைக்கும் அணையும் இதற்குச் சான்று. பொறியாளர் பென்னிகுக் 1887-இல் தொடங்கிய முல்லைப்பெரியாறு அணைப்பணி 1895-இல் முடிந்தது. கட்டியது எட்டு ஆண்டு. காத்து வருவது நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பிய அந்தச் சுவருக்கு, 1979-க்குப் பிறகு மேலே கான்கிரீட் மூடி, உள்ளே எஃகு நங்கூரம், பின்புறம் கான்கிரீட் தாங்கல் என்று வலுவூட்டினார்கள். வரைபவரின் அறிவும் காப்பவரின் அறிவும் ஒரே கற்சுவரில் சேர்ந்து நிற்கின்றன. பென்னிகுக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. காப்பவர்களின் பெயர் ஊருக்குத் தெரியாது. அவர்களுக்கும் அந்த மரியாதையில் முழுப் பங்கு உண்டு.

இரண்டு அறிவும் ஒரே ஆளிடம் சேர்வதும் நடக்கக்கூடியதே. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்த அப்துல் கலாம், சென்னை குரோம்பேட்டை எம்ஐடியில் ஏரோநாட்டிக்கல் பிரிவை எடுத்தார். அங்கே செயல்விளக்கத்துக்காக நிறுத்தியிருந்த, பறப்பதை நிறுத்திவிட்ட இரண்டு விமானங்கள்தாம் தம்மை ஈர்த்தன என்று பின்னாளில் எழுதினார். படிப்புக்குப் பின் பெங்களூரு எச்ஏஎல்லில் பயிற்சியாளராகச் சேர்ந்து, விமான எஞ்சின்களைப் பிரித்துச் செப்பனிடும் குழுவில் வேலை செய்தார். நீண்ட பாதையில் வந்தவர் குறுகிய பாதையின் பட்டறைக்குள் நுழைந்து கற்றார்.

எதிர்த்திசையிலும் வழி உண்டு. ஏ பிரிவில் தொடங்கியவர் தேர்வும் அனுபவமும் சேர்த்து பி1-க்கு உயரலாம். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆகவே பதினேழு வயதில் எடுக்கும் முடிவு ஆயுளுக்குமான விலங்கு அல்ல. கணக்கில் மனம் தோய்ந்து, இல்லாத ஒன்றை வரைந்து பார்க்கும் பிள்ளைக்குப் பட்டப்படிப்பு ஏற்றது. ஒரு பொருளைப் பிரித்து, பழுதைக் கண்டு, திரும்பப் பூட்டும்வரை தூக்கம் வராத பிள்ளைக்கு உரிமப் படிப்பு. எட்டு மணி நேர வேலைக்குப் பின் தன் பெயரை எழுதும்போது கை நடுங்காத அளவுக்கு உண்மையாக இருக்க முடியுமா என்பதை மட்டும் எந்தப் பாதையில் போகிறவரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயிற்சி நிறுவனத்துக்கு டிஜிசிஏ தரும் அனுமதி பிரிவுவாரியானது. பணம் கட்டுவதற்கு முன், அந்த நிறுவனத்தின் பெயரும் சேரப்போகும் பிரிவும் டிஜிசிஏவின் அனுமதிப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பெற்றோர் நேரடியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.