சேதுவும் அணையும்

பாலத்தைக் கடந்தவர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சாந்தோக்ய உபநிஷத் பரமாத்மாவைச் 'சேது' என்று ஓதுமிடத்தில் எழும் ஐயமும் இதைப் பற்றியதே. சேது என்றால் பாலம். பாலத்திற்கு அக்கரை உண்டு. ஆகவே எம்பெருமானுக்கு அப்பாலும் அடையத்தக்கது ஒன்று இருக்கவேண்டுமன்றோ?

ப்ரஹ்மஸூத்ரத்தின் மூன்றாம் அத்யாயத்தில் இந்தப் பூர்வபக்ஷத்திற்கு விடை கூறும் எம்பெருமானார், ஸ்ரீபாஷ்யத்தில் சொல்லின் வேரையே எடுத்துக் காட்டுகிறார். கட்டுதல் என்னும் பொருளுடைய தாதுவிலிருந்து பிறந்தது இச்சொல். சித்தும் அசித்துமான அனைத்தையும் ஒன்றோடொன்று கலந்து குழம்பாதபடி தன்னிடத்தே கட்டி வைத்திருப்பதால் அவன் சேது. சேதுவைக் கடப்பதாக ஓதியிருப்பதும் அடைதலையே குறிக்கும். கல்வியில் கரை கண்டவர் என்றால், கல்வியைக் கைவிட்டவர் என்றா கொள்கிறோம்?

கட்டு என்றதும் நமக்கு அச்சம் வருகிறது. ஸம்ஸாரமும் கட்டுத்தானே? சிறையும் கட்டித்தானே வைக்கிறது? ஆனால் சிறை தன்னுள் இருப்பவனைத் தாங்குவதில்லை. வயலின் வரப்போ நீரை நிறுத்திப் பயிரைத் தாங்குகிறது. அவ்வுபநிஷத்தும் சேது என்றதோடு நில்லாமல், உலகங்களைத் தாங்குபவன் என்றும் சேர்த்தே ஓதுகிறது.

இருந்தும் நடைமுறையில் நாம் பூர்வபக்ஷியின் பக்கமே நிற்கிறோம். பிள்ளைக்கு வேலை கிடைக்கும் வரையில் வாரந்தோறும் திருத்துழாய் மாலை. கிடைத்த பிறகு ஸந்நிதிக்கு வழி மறந்துவிடுகிறது. எழுத்தறிவித்தவரையும் பெற்றவரையும் கூட இப்படித்தான் கடந்து போகிறோம்.

தமிழில் சேதுவுக்கு நேரான 'அணை' இன்னும் வளமுடையது. நீரைத் தடுப்பதும் அணை, படுக்கையும் அணை, அரவணை என்கிறோமே, தழுவுதலும் அணைத்தல். (விளக்கு அவிதலையும் அணைதல் என்பர், அது இங்கு வேண்டா.) இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணியில் சக்கரவர்த்தித் திருமகன் கடலரசனை வேண்டித் தர்ப்பைப்புல்லின் மேல் கிடந்தான், புல்லணையே புல்லாணி ஆயிற்று என்பர். சற்றுத் தொலைவில் சேதுக்கரை. படுக்கையான அணையும் கடலை அடைத்த அணையும் அங்கே அருகருகே உள்ளன.

மூன்றாவது அணைக்காகவே அங்கு ஒருத்தி ஏங்குகிறாள். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் அத்தலத்திற்கு அருளிய பாசுரங்களில் பேசுபவள் பரகாலநாயகி. ஒருத்திக்காகக் கடலையே அடைத்தவன், தன்னை அணைக்க வரவில்லையே என்று அவள் வாடுகிறாள். அவனைக் கடந்து சென்று சேரவேண்டிய அக்கரை எதுவும் அவளுக்கு இல்லை.